பழைய வாசம் வீசும் எழுத்துருக்கள் எங்கிருந்து வந்தன?

எழுத்துரு விற்கும் எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘விண்டேஜ்’, ‘ரெட்ரோ’ என்று ஒரு பிரிவு இருக்கும். சர்க்கஸ் போஸ்டரில் பார்த்தது போன்ற தடித்த எழுத்து, கொடியாக வளைந்து நெளியும் எழுத்து, வானளாவிய கட்டடத்தை நினைவூட்டும் நெட்டை எழுத்து, பெல்பாட்டம் காலத்துக் கொழுகொழு எழுத்து எல்லாம் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இவற்றில் சில ஒன்றுக்கொன்று நூற்றைம்பது வருட இடைவெளியில் பிறந்தவை. ஆனால் தளத்தைப் பொறுத்தவரை எல்லாமே ‘பழசு’.

இந்த எழுத்துகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்டால், அந்தக் காலத்து மக்களின் ரசனை அப்படி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது பாதி உண்மை. மீதிப் பாதி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, அந்தக் காலத்தில் கையிலிருந்த கருவி எதைச் செய்யவிட்டது, எதைச் செய்யவிடவில்லை என்பது. இன்னொன்று, பழையவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது என்று 1960களிலும் 70களிலும் ஒரு தலைமுறை செய்த தேர்வு. நாம் இன்று ‘அசல் பழசு’ என்று நினைக்கும் பல எழுத்துகள் அவர்கள் வழியாகத்தான் நம்மிடம் வந்தன.

விளம்பரம் வந்தது, எழுத்து பருத்தது

1800க்கு முன்பு ஐரோப்பிய அச்சகங்களில் தலைப்புக்கென்று தனி எழுத்து கிடையாது என்றே சொல்லலாம். புத்தக எழுத்தையே பெரிதாக்கிப் போட்டார்கள். தொழிற்புரட்சி பொருளைக் குவித்தது. குவிந்ததை விற்க வேண்டும். சுவரில் ஒட்டிய தாள், தெருவில் நடந்து போகிறவரை நிறுத்த வேண்டும். அதற்குப் புத்தக எழுத்து போதவில்லை.

லண்டன் எழுத்து வார்ப்பகங்கள் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ராபர்ட் தோர்ன் தடித்த கோட்டை இன்னும் தடிக்க வைத்து, மெல்லிய கோட்டை இழையாக்கி ஒரு பருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். 1810களில் வின்சென்ட் ஃபிக்கின்ஸின் பட்டைக்கால் எழுத்து வந்தது; கோட்டின் நுனியில் நிற்கும் சிறு கால் (செரிஃப்) அதில் பட்டையாகத் தடித்திருக்கும். 1816இல் நான்காம் வில்லியம் கேஸ்லான், கால்களே இல்லாத முதல் அச்செழுத்தை மாதிரிப் புத்தகத்தில் காட்டினார். ஏறக்குறைய இருபதே வருடத்தில், இன்று நாம் புழங்கும் தலைப்பெழுத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு விதை விழுந்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் 1821இல் கேஸ்லான் வார்ப்பகம் காட்டிய ‘இத்தாலியன்’. லத்தீன் எழுத்தில் நிற்கும் கோடு தடிமனாகவும் படுக்கும் கோடு மெல்லியதாகவும் இருக்கும். பட்டைப் பேனாவால் எழுதிய காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. இத்தாலியன் அதைத் தலைகீழாக்கியது. தொழிலில் இருந்தவர்களே முகம் சுளித்தார்கள். ஆனால் அதன் வழிவந்த வடிவங்கள் அமெரிக்காவுக்குப் போய், போஸ்டர்களில் பரவி, அப்புறம் கௌபாய்ப் படங்களின் தலைப்புகளில் ஏறின. இன்று அந்த எழுத்தைப் பார்த்ததும் நமக்குக் குதிரையும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. அது பிறந்த லண்டன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மரம் செய்த மாயம்

ஈயத்தில் பெரிய எழுத்து வார்ப்பது தொல்லை பிடித்த வேலை. எடை ஏறும், விலை ஏறும், ஆறும்போது மேற்பரப்பு சமமாக நிற்காது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ், மரத்தைக் குடைந்து எழுத்து வெட்ட ரவுட்டர் என்ற சுழலும் அலகுள்ள கருவியைப் பயன்படுத்தினார். அடுத்த வருடமே மர எழுத்துகளின் மாதிரிப் புத்தகத்தை வெளியிட்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃபை இணைத்தார். மாதிரி எழுத்தின் விளிம்பை ஒரு முனையால் தடவினால், மறுமுனை அதே உருவத்தை வேண்டிய அளவில் மரத்தில் வெட்டும். ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகள். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகச் செதுக்க வேண்டிய தலைவலி போய்விட்டது.

வெட்டுவது எளிதானதும் அலங்காரம் பெருகியது. கோட்டின் நுனி மீன்வால் போலப் பிளந்தது, நடுவில் முள் முளைத்தது, உள்ளே பூவும் கட்டமும் நிரம்பின, பின்னால் நிழல் விழுந்தது. இப்படி நுனி பிளந்த எழுத்தை ‘டஸ்கன்’ என்பார்கள். யோசனை ஒன்றும் புதிதல்ல. நான்காம் நூற்றாண்டு ரோமில் போப் டமாசஸுக்காக ஃபிலோகாலஸ் வடித்த கல்வெட்டுகளிலேயே சுருண்டு பிளந்த நுனிகளைப் பார்க்கலாம். ஆயிரத்தைந்நூறு வருடம் அரிதாகக் கிடந்த ஒரு வடிவம், ஒரு யந்திரம் வந்த பிறகு சுவரெங்கும் படர்ந்தது.

யந்திரத்துக்கும் எல்லை இருந்தது. சுழலும் அலகால் உள்மூலையைக் கூராக வெட்ட முடியாது, வட்டமாகத்தான் விடும். அதைக் கத்தியால் கையாலேயே சீவி எடுத்தார்கள். இன்றைய டிஜிட்டல் பிரதிகளில் சில அந்த மூலைகளை வேண்டுமென்றே மழுக்கி வைக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ‘ஏதோ மரத்தனம்’ தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மர எழுத்துக் காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் போஸ்டரில் ஒவ்வொரு வரியும் வேறு வேறு எழுத்தில், வேறு வேறு அகலத்தில், இரண்டு ஓரமும் முட்டும்படி நிற்கும். அதைப் பார்த்து ‘விக்டோரிய ஸ்டைல்’ என்று இன்றைய வடிவமைப்பாளர் ஏழு எழுத்துருக்களைக் கலந்து அடுக்குகிறார். அசலில் அது பெருமளவு கட்டாயம். அச்சுக்கோப்பவர் முன்னால் ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். எழுத்துகள் எல்லாம் அதற்குள் ஆடாமல் இறுக்கமாக நிற்க வேண்டும். சின்னச் சொல்லுக்கு அகலமான எழுத்து, நீண்ட வரிக்கு ஒல்லி எழுத்து. அகன்றது, குறுகியது, மிகக் குறுகியது என ஒரே வடிவத்தைப் பல அகலங்களில் விற்றதற்கும் இதுதான் காரணம். பெட்டியில் ஒரு எழுத்து தீர்ந்துவிட்டால் வேறு பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். கலவைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்ததால் அது இயல்பாக இருந்தது. கணக்கு இல்லாமல் கலவையை மட்டும் எடுத்தால் நெரிசல்தான் மிஞ்சுகிறது.

நிறத்திலும் அவர்கள் சளைக்கவில்லை. வில்லியம் பேஜின் நிறுவனம் 1874இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் ஒரே எழுத்து இரண்டு மூன்று தனிக் கட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டையை ஒரு நிறத்தில் அச்சிட்டு, அதன் மேலேயே அடுத்ததை வேறு நிறத்தில் அச்சிட்டால், இரண்டும் விழும் இடத்தில் மூன்றாவது நிறம் தானாக வரும். அந்த வகை எழுத்தை மாதிரியாக வைத்துத்தான் 1994இல் அடோபி ‘ரோஸ்வுட்’ எழுத்துருவை வெளியிட்டது. அதிலும் அலங்காரம் ஒரு கோப்பு, அடியில் நிரப்பும் உருவம் ஒரு கோப்பு. ஒன்றன் மேல் ஒன்றை வைத்துத் தனித்தனி நிறம் கொடுக்கலாம்.

கல்லில் வரைந்தவர்கள்

எழுத்து வளைய ஆரம்பித்தது அச்சுக்கோப்பில் அல்ல, லித்தோகிராஃப் என்ற கல் அச்சில். அதில் ஓவியர் கல்லின் மேலேயே வரைவார்; படமும் எழுத்தும் ஒரே கையிலிருந்து வரும். கட்டை இல்லை, சட்டம் இல்லை, நேர்வரி என்ற கட்டாயம் இல்லை. பாரிஸில் ஜூல் ஷெரே இதை வண்ணப் போஸ்டராக வளர்த்தார். 1895 புத்தாண்டில் நடிகை சாரா பெர்ன்ஹார்டுக்காக அல்ஃபோன்ஸ் மூக்கா வரைந்த போஸ்டர் அந்நகரத்துச் சுவர்களில் ஏறியது. 1900இல் எக்டர் கிமார் மெட்ரோ வாசல்களைச் செடி முளைத்த மாதிரி இரும்பில் வடித்தபோது, அதன் பெயர்ப்பலகை எழுத்தும் அதே செடியின் கிளையாக இருந்தது.

இதைப் பார்த்த வார்ப்பகங்களுக்குப் புது நெருக்கடி. கல்லில் வரைகிறவரின் சுதந்திரத்தை ஈயக் கட்டைக்குள் எப்படி அடைப்பது? 1900இல் கார்ல் கிளிங்ஸ்போரின் ஊக்கத்தில் ஓட்டோ எக்மன் வரைந்த ‘எக்மன்’ எழுத்து ஒரு நல்ல விடை. ஜெர்மானியக் கோதிக் எழுத்தையும் லத்தீன் எழுத்தையும் தூரிகைக் கோட்டால் கலந்து, ஒவ்வொரு எழுத்தும் தனிக்கட்டையில் நின்றாலும் வரி ஓடுவதுபோல் காட்டினார். அடுத்த வருடம் பிரான்சில் பெய்ன்யோ வார்ப்பகம் ழார்ஜ் ஓரியோலின் எழுத்தை வெளியிட்டது. அதில் கோடுகள் ஒன்றையொன்று முழுக்கத் தொடாமல், தூரிகை எடுத்த இடத்தில் இடைவெளி விட்டு நிற்கும்.

செடிகொடியாக வளையும் இந்தப் பாணிக்கு ‘ஆர்ட் நுவோ’ என்று பெயர். இன்று அந்தப் பெயரைச் சொன்னதும் அதிகம் கண்ணில் படும் எழுத்து ‘ஆர்னால்ட் பூக்லின்’. 1904இல் ஷ்டுட்கார்ட்டின் ஓட்டோ வைசெர்ட் வார்ப்பகம் வெளியிட்டது. அந்தப் பெயர் 1901இல் இறந்துபோன ஒரு சுவிஸ் ஓவியருடையது. எழுத்தை வரைந்தவர் அவரல்ல. வடிவத்தைப் பொறுத்தவரை எக்மனின் எழுத்து அதைவிட நுட்பமானது என்பது என் கருத்து. ஆனாலும் பூக்லின்தான் எங்கும் நிற்கிறது. ஏன் என்பதற்கான பதில் அறுபது வருடம் கழித்து வருகிறது.

நடுவில் வந்தது, பின்னாளில் ஆர்ட் டெக்கோ என்று பெயர் பெற்ற வடிவியல் பாணி. 1922இல் துட்டன்காமுன் கல்லறை திறந்தது, 1925இல் பாரிஸில் அலங்காரக் கலைக் கண்காட்சி நடந்தது. செடி போய்க் காம்பஸும் ஸ்கேலும் வந்தன. அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ‘பிராட்வே’யில் எழுத்தின் ஒரு பாதி கன்னங்கரேலென்று தடித்திருக்கும், மறுபாதி மயிரிழையாக இருக்கும். 1929இல் போஸ்டர் ஓவியர் கசாண்டர் செய்த ‘பிஃபூர்’ இன்னும் துணிச்சலானது. ஒரு எழுத்தை இன்ன எழுத்து என்று அடையாளம் காண எந்தத் துண்டு போதுமோ அதை மட்டும் கறுப்பில் வைத்து, மீதியை மெல்லிய இணைகோடுகளால் ஒப்பேற்றினார். விற்பனையில் அது தோல்விதான். இன்றைய டெக்கோ எழுத்துருக்களில் ஓடும் இணைகோடுகளைப் பார்க்கும்போது அந்தத் தோல்வியின் சாயல் தெரியும்.

1960கள்: பழசைப் பொறுக்கி எடுத்த தலைமுறை

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வடிவமைப்பில் அலங்காரம் கெட்ட வார்த்தையாகிவிட்டது. சுவிஸ் பாணியின் ஒழுங்கும் 1957இல் வந்த ஹெல்வெட்டிகா என்ற அலங்காரமில்லாத எழுத்தும் தரமாயின. சலிப்பு வர அதிக நாள் ஆகவில்லை. நியூயார்க்கில் 1954இலேயே மில்டன் கிளேசர், சீமோர் குவாஸ்ட், எட்வர்ட் சோரல் தொடங்கிய புஷ்பின் ஸ்டுடியோ பழைய அலங்காரங்களை வெட்கமில்லாமல் அள்ளியது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1963இல் மூக்காவையும் 1966இல் ஆங்கில ஓவியர் பியர்ட்ஸ்லியையும் கண்காட்சியாக வைத்தது. அதே 1966இல் பாரிஸிலும் 1925இன் அலங்காரக் கலைக்கு ஒரு கண்காட்சி நடந்தது. ‘ஆர்ட் டெக்கோ’ என்ற பெயர் பரவலானதே இதற்குப் பிறகுதான்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் வெஸ் வில்சன் ராக் இசை நிகழ்ச்சிகளுக்குப் போஸ்டர் வரைந்துகொண்டிருந்தார். வியன்னாவின் ஆல்ஃபிரெட் ரோலர் 1900களின் தொடக்கத்தில் வரைந்த எழுத்து அவர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, உள்வெளி வெறும் கீறலாகச் சுருங்கி நிற்கும் வடிவம். வில்சன் அதை இளக்கி, தீ நாக்குபோல் நெளியவிட்டார். படிக்க நேரம் எடுக்கும், அதுவே நோக்கம். நின்று, தலையைச் சாய்த்து, முயன்று படிப்பவர் அந்த ராக் ரசிகர் கூட்டத்தைச் சேர்ந்தவர். இன்று ‘சைகடெலிக்’ என்ற பெயரில் விற்கும் எழுத்துரு பெரும்பாலும் வில்சனைப் பார்த்து வரைந்தது. வில்சன் ரோலரைப் பார்த்து வரைந்தார்.

இந்த அலைக்கு வசதி செய்துகொடுத்ததும் கருவிதான். ஒளி அச்சுக்கோப்பில் எழுத்து ஒரு ஃபிலிம் நெகட்டிவ். வார்ப்பு வேண்டாம், உலோகம் வேண்டாம். பழைய மாதிரிப் புத்தகத்துப் பக்கத்தைப் படம்பிடித்துச் சுத்தம் செய்தால் ஒரு எழுத்து தயார். எழுத்துகளை ஒன்றோடொன்று இடிக்கும்படி நெருக்கலாம், மேலே ஏற்றலாம். ஈயத்தில் நடக்காத காரியங்கள் இவை. 1961இல் லெட்ராசெட் நிறுவனத்தின் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள் வந்ததும் அச்சகமே தேவையில்லை என்றாயிற்று. மாணவரும் சின்னப் பத்திரிகைக்காரரும் மேசையிலேயே தலைப்பு போட்டுக்கொள்ளலாம். எந்தப் பழைய எழுத்து இந்தத் தாள்களில் ஏறியதோ அது உயிர் பிழைத்தது. ஆர்னால்ட் பூக்லின் ஏறியது. வரலாறு அதை ஆர்ட் நுவோவின் முகமாக்கியது அப்படித்தான்.

1970களின் பிற்பகுதியில் எட் பெங்கட் தன் பெயரிலேயே ஐ.டி.சி. என்ற எழுத்துரு நிறுவனத்துக்காக ஒரு எழுத்துரு வரைந்தார். உற்றுப் பார்த்தால் 1900இன் வளைவு அதில் இருக்கிறது. 1980களில் அது புத்தக அட்டைகளில் நிறையப் புழங்கியது. 2016இல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடர் தன் தலைப்பை அதில் வைத்தபோது பார்த்தவர்கள் எல்லாரும் ‘ஆகா, எண்பதுகள்!’ என்றார்கள். 1900 என்று யாரும் சொல்லவில்லை. ஒரு எழுத்து எந்தக் காலத்தை நினைவூட்டும் என்பதை அது பிறந்த தேதி தீர்மானிப்பதில்லை; நாம் அதைக் கடைசியாக எங்கே பார்த்தோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

திரையில் பழசைப் பழசாகக் காட்டுவது

கணினி வந்ததும் இதே கதை இன்னும் வேகமாக ஓடியது. அடோபி 1990இலேயே மர எழுத்துத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. ஹவுஸ் இண்டஸ்ட்ரீஸ் என்ற எழுத்துரு நிறுவனம் 1993இல் தொடங்கி, பின்னாளில் ஒளி அச்சுக்கோப்பு நிறுவனமான ஃபோட்டோ-லெட்டரிங்கின் பழைய ஃபிலிம் சேகரிப்பையே வாங்கியது. பி22 நிறுவனம் ஓவிய இயக்கங்களையும் ஓவியர்களின் கையெழுத்தையும் எழுத்துருக்களாக்கியது.

சரி, பிரதி எங்கே சறுக்குகிறது? முதலில், கையால் வரைந்த தலைப்பில் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. பக்கத்து எழுத்தைப் பார்த்து ஓவியர் வாலை நீட்டுவார், குறைப்பார். எழுத்துருவில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. தேய்ந்த மர எழுத்தைப் போலச் செய்த எழுத்துருவில் இது இன்னும் பல்லிளிக்கும்: அடுத்தடுத்த இரண்டு எழுத்திலும் அதே இடத்தில் அதே கீறல். ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு நுட்பத்தில் ஒரு எழுத்துக்குப் பல மாற்று வடிவங்களை வைத்து, சூழலுக்கேற்பத் தானாக மாறும்படி செய்யலாம். நல்ல எழுத்துருக்களில் இந்த உழைப்பு இருக்கும். வாங்குமுன் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது அளவு. உண்மையான அச்சில் தாளின் சொரசொரப்பும் மையின் புள்ளியும் எழுத்து பெரிதானால் பெரிதாவதில்லை. எழுத்துருவில் கீறல் எழுத்தோடு சேர்ந்தே வளரும். பேனர் அளவுக்கு இழுத்தால் தூசி கல்லாகிவிடும். சின்ன அளவில் எதிர்ப்பிரச்சினை: உள்கோடும் நிழலும் கலந்து கறையாகும். உலோகக் காலத்தில் ஒவ்வொரு அளவையும் தனியாக வெட்டியதால் இதைக் கவனித்துக்கொள்ள முடிந்தது. ருடால்ஃப் கோக் 1923இல் ‘நியூலாண்ட்’ எழுத்தை முன்கூட்டி வரையாமல் நேராக உலோகத்திலேயே வெட்டினார், அதனால் அளவுக்கு அளவு அது கொஞ்சம் வேறாகவே இருந்தது. டிஜிட்டல் பிரதி பெரும்பாலும் அவற்றில் ஒன்றைப் பிடித்து எல்லா அளவுக்கும் நிற்க வைக்கிறது.

நியூலாண்டின் பின்கதை வேறொரு எச்சரிக்கையும் தருகிறது. ஜெர்மனியில் நவீன முயற்சியாகப் பிறந்த அது, பின்னாளில் ‘ஆப்பிரிக்கா’, ‘காடு’, ‘சாகசம்’ என்று காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வார்ப்பகங்கள் லத்தீன் எழுத்துக்குச் சீனத் தூரிகை வேஷம் போட்டு விற்றவையும் இதே ரகம். அவற்றைச் செய்தவர்கள் சீன எழுத்தைப் படித்தறிந்து செய்யவில்லை. ‘பழசுதானே, அழகாக இருக்கிறதே’ என்று எடுத்துப் போடும்போது, அந்தக் காலத்துக் கேலியும் சேர்ந்தே வருகிறது.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை உருவாக்கும் மென்பொருள் கோப்புக்கு உண்டு. வேறு சில நாடுகளில் வடிவத்துக்கும் குறிப்பிட்ட காலம் பாதுகாப்பு உண்டு. 1874இன் மர எழுத்தை நீங்களே பார்த்து வரைந்துகொள்ளலாம். அதை வேறொருவர் டிஜிட்டலாக்கி விற்கும் கோப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கிடையில் ‘விண்டேஜ்’ என்ற எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1990இல் பேரி டெக் வரைந்த ‘டெம்ப்ளேட் காதிக்’, எழுத்து வடிவம் வெட்டிய தகட்டை வைத்து எழுதிய ஒரு சலவையகப் பலகையைப் பார்த்துப் பிறந்தது. வந்தபோது அது எதிர்காலத்தின் எழுத்தாகத் தெரிந்தது. 2011இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் சேகரித்த 23 டிஜிட்டல் எழுத்துருக்களில் அதுவும் ஒன்று. இப்போது அதைத் ‘தொண்ணூறுகள் ரெட்ரோ’ என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.